தாகமா இருக்கான்னு கேக்காதீங்க, கையில குடுங்க

எல்லாருக்கும் வணக்கம், இன்னைக்கு கேமராவ டேபிள் மேலயே வச்சுட்டேன், ஒண்ணு காட்டணும். இதோ இந்த கிளாஸ். காலைல எட்டு மணிக்கு அப்பா கட்டில் பக்கத்துல நான் வச்ச தண்ணி, இப்ப மணி மூணே முக்கால். கிட்ட கொண்டு வர்றேன் பாருங்க, உள்பக்கமா குட்டி குட்டியா காத்துக் குமிழி ஒட்டிக்கிட்டு இருக்கு தெரியுதா, யாரும் தொடாம மணிக்கணக்கா இருந்தா இப்படித்தான் ஒட்டும். ஒரு வாய் கூட குடிக்கல. கேட்டா "தாகமே எடுக்கலம்மா"ங்கறாரு. அவரு பொய் சொல்லல, நெஜமாவே எடுக்கல.

இது புரியறதுக்கு எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. வயசாக ஆக தாகம்ங்கற உணர்வே மங்கிடுது, கிட்னியும் முன்ன மாதிரி தண்ணிய மிச்சம் பிடிச்சு வைக்காது, அதுக்கு மேல உடம்புல தண்ணிய நிறைய வச்சிருக்கறது தசைதான், அந்த தசையே வயசான காலத்துல கரையுது, அப்ப கையிருப்பே கம்மி, கொஞ்சம் குறைஞ்சாலும் ஆளு தள்ளாடிடுறாங்க. போன வருஷம் அப்பா ரெண்டு நாளா சம்பந்தமில்லாம பேசினாரு, என்னைய செத்துப்போன அத்தை பேர் சொல்லி கூப்பிட்டாரு, நாங்க மறதி நோய் ஆரம்பிச்சிருச்சுன்னு உக்காந்து அழுதோம். ரத்தம் எடுத்துப் பாத்தா உடம்புல நீர்ச்சத்து இல்ல, ட்ரிப்ஸ் ஏத்தினாங்க, தெளிஞ்சுட்டாரு. ஆனா ஒண்ணு, திடீர்னு குழப்பம் வந்தா தண்ணி குடுத்துட்டு வீட்டுல காத்திருக்காதீங்க, அது இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம், பக்கவாதமா கூட இருக்கலாம், உடனே டாக்டர்கிட்ட போங்க. அப்புறம் தோல கிள்ளிப் பாக்குறது, யூரின் கலர் பாக்குறது, இதெல்லாம் வயசானவங்களுக்கு நம்பகமான டெஸ்ட் இல்ல, ரத்தப் பரிசோதனைலதான் சரியா தெரியும்.

எவ்வளவு குடிக்கணும்? எஸ்பென்னு ஐரோப்பால மருத்துவ ஊட்டச்சத்துக்கான சங்கம் ஒண்ணு இருக்கு, அவங்க வயசானவங்களுக்கு சொல்றது பெண்கள்னா ஒரு நாளைக்கு குறைஞ்சது 1.6 லிட்டர், ஆண்கள்னா 2 லிட்டர். வெறும் தண்ணி மட்டும் இல்லங்க, பால், டீ, காபி, ஜூஸ் எல்லாமே கணக்குல சேரும். ஹார்ட் ஃபெயிலியர், கிட்னி பிரச்சனை இருக்கவங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம், டாக்டர் சொன்ன அளவுதான்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. தாகம் இல்லாதது பாதிதான், மீதி பாதி பயம். ஒரு நாள் பொறுமையா பக்கத்துல உக்காந்து கேட்டேன், அப்பத்தான் வாய் தொறந்தாரு, "ராத்திரி பாத்ரூமுக்கு எந்திரிச்சு விழுந்துட்டேன்னா உனக்குத்தானே கஷ்டம்"னு. எனக்காக தண்ணிய நிறுத்தியிருக்காரு, கேட்டதும் எனக்கு மனசே ஆறல. அன்னைக்கே கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் தரைல கிடந்த மிதியடி, வயர் எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரு நைட் லாம்ப் போட்டோம், குடிக்கறதுல பெரும்பங்க சாயங்காலத்துக்கு முன்னாடியே முடிக்கற மாதிரி மாத்தினோம். யூரின் போறதுக்கான மாத்திரை சாப்பிடறவங்க அத எந்த நேரத்துல போடறதுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா மாத்தாதீங்க, நிறுத்தவும் வேண்டாம்.

பெரிய ஜக்க கண்ணு முன்னாடி வச்சா பாத்தாலே மலைப்பா இருக்கும். லேசான கப், கைப்பிடி இருக்கணும், பாதி கப் ஊத்தி கையிலயே குடுங்க, நீங்களும் ஒரு கப் எடுத்துட்டு கூட உக்காருங்க. மாத்திரை போடறப்ப ஒரு மடக்கோட விடாம முழு கிளாஸ் குடுங்க. "வேணுமா"ன்னு கேட்டா "வேணாம்"னுதான் பதில் வரும், அதனால கேள்வியே வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வர்றேன். அப்பா பெல்ட்ல ஆணி வச்சு புதுசா ஓட்டை போட்டிருந்தாரு, அதப் பாத்துத்தான் மெலிஞ்சிருக்காருன்னே எனக்குத் தெரிஞ்சது, தினம் பாக்குற கண்ணுக்கு தெரியவே இல்ல. அதனால மாசம் ஒரு தடவை எடை பாத்து எழுதி வைங்க. ஆறு மாசத்துல 5 சதவீதம் குறைஞ்சா, அதாவது 60 கிலோ ஆளு 3 கிலோ இறங்கினா, வயசாச்சுல்லன்னு விடக்கூடாது, டாக்டர்கிட்ட காட்டணும். எங்க வீட்டுல காரணம் பல்செட். மெலிஞ்சதுல அதுவும் லூசாகி, மெல்லும்போது டக்கு டக்குன்னு சத்தம் வந்திருக்கு, அந்த கூச்சத்துல கறி, பழம் எல்லாத்தையும் ஒதுக்கிட்டு பசிக்கலன்னு சொல்லியிருக்காரு. பல்செட்ட சரி பண்ணினதும் நல்லா சாப்பிட ஆரம்பிச்சாரு.

தசை கரையாம இருக்க புரோட்டீன் வேணும், எடைல கிலோவுக்கு 1ல இருந்து 1.2 கிராம், அப்ப 60 கிலோன்னா 60ல இருந்து 72 கிராம். ஒரு முட்டைல 6 கிராம்தான் இருக்கு, கணக்கு போட்டுப் பாருங்க, கொஞ்சமா சாப்பிடறவங்களுக்கு இது ரொம்ப கஷ்டம். தட்டு நிறைய போட்டா பயந்துடுவாங்க, அதனால அளவ கூட்டாம சத்த கூட்டுங்க, பால்லயே பால் பவுடர் கலக்குங்க, சூப்ல முட்டை அடிச்சு ஊத்துங்க, மூணு வேளைய அஞ்சாறு வேளையா பிரிங்க. கிட்னி பிரச்சனை இருந்தா இதுக்கும் டாக்டர்கிட்ட கேட்டுக்கணும். வயசானா வயித்துல ஆசிட் குறையறதால பி12ங்கற வைட்டமின் உடம்புல சரியா சேராது, சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இன்னும் குறையும், அதையும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க.

சாப்பிடறப்ப, குடிக்கறப்ப அடிக்கடி இருமுறாங்கன்னா அது சளி இல்ல, முழுங்கறதுல பிரச்சனை இருக்கலாம், வற்புறுத்தி ஊட்டாதீங்க, அதுக்குன்னு தெரப்பிஸ்ட் இருக்காங்க, காட்டுங்க. நிமிந்து உக்கார வச்சுத்தான் குடுக்கணும், சாப்பிட்ட உடனே படுக்க விடக்கூடாது.

சரி, மணி நாலாகுது, இந்தத் தண்ணிய மாத்திட்டு ரெண்டு கப் டீ போடணும், ஒண்ணு அப்பாவுக்கு, ஒண்ணு எனக்கு. உங்க வீட்டு பெரியவங்க குடிக்க மாட்டேன்னு சொல்றதுக்கு என்ன காரணம் சொல்றாங்கன்னு கீழ எழுதுங்க, நான் படிக்கிறேன்.