பொம்மியின் காதில் ஒரு பூரி

வணக்கம் மக்களே! பின்னால் துளையிடும் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், மேல்மாடியில் வீட்டைப் புதுப்பிக்கிறார்கள். சிங்கப்பூரின் செங்காங்கில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இதெல்லாம் சகஜம். இதோ, கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு சுவரில் இடித்துக்கொண்டே வருகிறாளே, இவள்தான் பொம்மி. ஷீ ட்ஸு வகை நாய், ஆறு வயது.

போன மாதம் ஒருநாள் காலையில் பார்த்தால் வலது காது மடல் பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. தொட்டால் சூடு, உள்ளே தளதளவென்று இருந்தது. அத்தை தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றச் சொன்னார். நல்லவேளை, ஊற்றவில்லை. செவிப்பறை கிழிந்திருந்தால் சில காது மருந்துகள்கூட உள்ளே இறங்கி, கேட்கும் திறனையே கெடுத்துவிடுமாம். அதனால்தான் மருத்துவர் வேறெதையும் தொடாமல் முதலில் செவிப்பறையைப் பார்த்தார்.

உப்பியிருந்தது ரத்தம். தலையை உதறி உதறி மடலுக்குள் சின்ன ரத்தக்குழாய்கள் உடைந்து, குருத்தெலும்பை ஒட்டித் தேங்கிவிட்டது. சரி, ஏன் உதறினாள்? காதுக்குள் ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்று. அதற்கும் பின்னால் ஒவ்வாமை. இங்கேதான் என் தப்பு வருகிறது. நாயின் காதுக்குழாய் நம்முடையது போல் இல்லை. 'ட' எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: கீழே இறங்கி, அப்புறம் திரும்பி உள்ளே போகும். நான் வாரம் தவறாமல் பஞ்சுக்குச்சி விட்டு, அழுக்கையெல்லாம் அந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். சுத்தம் செய்கிறேன் என்ற பெருமை வேறு!

ஊசியால் உறிஞ்சி எடுக்கலாம், ஆனால் பெரும்பாலும் மறுபடி நிரம்பும். அப்படியே விட்டால் காது சுருங்கி வற்றல் மாதிரி ஆகிவிடும். அதனால் அறுவை சிகிச்சை. மயக்கம் கொடுத்து, மடலின் உட்பக்கம் கீறி, உறைந்த ரத்தத்தை எடுத்து, மெத்தை தைப்பது போல மடல் முழுக்கத் தையல். இடைவெளி இருந்தால் திரும்ப ரத்தம் சேருமே! கீறலை மட்டும் முழுதாக மூடவில்லை, நீர் வடிய வேண்டுமாம்.

காத்திருந்தபோது ஒரு பெரியவரின் காக்கர் ஸ்பேனியல் நாயைப் பார்த்தேன். பல வருடத் தொற்றில் காதுக்குழாய் தடித்து எலும்பு போல் இறுகிவிட்டதாம். மருந்து போகவே வழியில்லை. குழாயை முழுதாக எடுத்து, நடுக்காதின் எலும்புக் குமிழையும் திறந்து சுரண்டியிருக்கிறார்கள். முக நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் சில நாய்களுக்குக் கண் இமைப்பது நின்றுபோகலாம். இந்த நாய் அதிலிருந்து தப்பித்துவிட்டது. காது கேட்காது, ஆனால் முன்பே அவ்வளவாகக் கேட்டதில்லை. வலி போனதும் பந்து விளையாடுகிறது என்றார்.

பூனைக்காரர்களே, 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீட்டில் பூனை வளர்க்கலாம் என்பதால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. காதில் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் காதுச் சிற்றுண்ணிதான், மருந்தே போதும். ஆனால் குட்டிப்பூனை குறட்டை விட்டு, தலையையும் சாய்த்துக்கொண்டு நடந்தால் நடுக்காதிலிருந்து சதை வளர்ந்திருக்கலாம். பிடித்து இழுத்து எடுப்பார்கள். திரும்ப வந்தால் எலும்புக் குமிழைத் திறக்க வேண்டியிருக்கும்.

பொம்மிக்கு இனி எட்டு வாரம் ஒரே உணவு, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க. வேறு எதுவும் வாயில் படக்கூடாது... அத்தை, கேமராவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்தக் கையில் என்ன, முறுக்கா?