ஊர்த்தலைவரின் பெயர்

நேயர்களுக்கு வணக்கம். சீகன்பால்கு ரூத் ஆகமம் வரை தமிழாக்கி நிறுத்திய பழைய ஏற்பாட்டை முடித்துக் கொடுத்தவர், 1719இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி பெஞ்சமின் ஷுல்ட்ஸே. அவருடைய மொழிப்பணியைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். அவருடைய குடும்பப் பெயரைப் பற்றி நான் இன்று பேச விரும்புகிறேன். ஜெர்மானியத் தொழிற்பெயர்களில் மாவரைப்பவரைக் குறிக்கும் மியுல்லரும் கொல்லரைக் குறிக்கும் ஷ்மிட்டும் கைத்தொழிலிலிருந்து பிறந்தவை. ஷுல்ட்ஸே என்பதோ ஊர்த்தலைவர் என்ற ஒரு பதவியிலிருந்து பிறந்தது.

இதன் மூலச்சொல் பழைய ஜெர்மன் மொழியில் ஸ்குல்ட்ஹைட்ஸோ. முதற்பகுதி கடனையும் கடமையையும் குறிக்கும்; பிற்பகுதி கட்டளையிடுதலைக் குறிக்கும். ஆகவே, ஊராரிடம் அவர்கள் செலுத்த வேண்டியதைச் செலுத்தும்படி ஆணையிடுபவர் என்பது பொருள். நிலப்பிரபுவுக்குச் சேர வேண்டிய வரியைத் தண்டுவதும், ஊரின் சிறு வழக்குகளை விசாரிக்கும் மன்றத்துக்குத் தலைமை தாங்குவதும் அவர் வேலை. இத்தாலியில் ஆட்சி செய்த லொம்பார்டு மன்னன் ரோத்தாரி 643இல் வெளியிட்ட சட்டத்தொகுப்பிலேயே, லத்தீன் உருவம் பெற்று, இந்தப் பதவி இடம்பெற்றிருக்கிறது.

பதவி பழையதென்றாலும் அதன் பெயர் இவ்வளவு பேருக்குக் குடும்பப் பெயராகப் பரவியதற்கு, 12, 13ஆம் நூற்றாண்டுகளில் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே நடந்த குடியேற்றமே பெருங்காரணம் என்று நான் கருதுகிறேன். காடு திருத்தி ஊர் அமைக்க விரும்பிய பிரபு, அந்தப் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பார். குடியானவர்களைத் திரட்டி அழைத்து வந்து, நிலத்தை அளந்து பங்கிட்டுக் கொடுத்தவருக்குக் கூலியாகக் கிடைத்தவை வரியில்லா நிலமும், ஊர் மன்றத்தில் விதிக்கும் அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கும், பல இடங்களில் ஆலையோ சத்திரமோ நடத்தும் உரிமையும், இவற்றோடு வழிவழியாக மகனுக்குச் செல்லும் ஊர்த்தலைமையும். ஹைடல்பெர்கில் பாதுகாக்கப்படும் 14ஆம் நூற்றாண்டுச் சட்டச் சுவடி ஒன்றில் ஊர் உருவாகும் இந்தக் காட்சி வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. ஒருவர் மரம் வெட்டுகிறார், வீடு எழும்புகிறது, பிரபு முத்திரை தொங்கும் சாசனத்தை நீட்டுகிறார். அதைப் பெறும் ஊர்த்தலைவரை நாம் அடையாளம் காண ஓவியர் அவர் தலையில் வைக்கோல் தொப்பி ஒன்றை வைத்திருக்கிறார். ஊருக்கு ஒரு தலைவர். இப்படி எழுந்த ஊர்களோ எண்ணற்றவை. குடும்பப் பெயர்கள் நிலைபெற்றுக்கொண்டிருந்த காலமும் அதுவே ஆதலால், பதவி போன வீட்டிலும் பெயர் தங்கிவிட்டது.

ஒரே சொல் நாட்டுக்கு நாடு எப்படித் திரிந்தது என்பதுதான் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி. பிராண்டன்பர்க் பக்கம் ஷுல்ட்ஸே, ஷுல்ட்ஸ், இன்று பெரும்பாலும் போலந்தில் உள்ள சிலேசியாவில் ஷோல்ட்ஸ். தென்மேற்கே ஷுல்ட்ஹைஸ் என்று முழுச்சொல்லே நின்றது. வ்யூர்ட்டம்பெர்கில் 1930 வரை ஊர்த்தலைவரின் பதவிப் பெயரும் அதுவாகவே இருந்தது. வெஸ்ட்ஃபாலியாவில் ஷுல்டே. அங்கே அது பிரபுவின் தலைமைப் பண்ணையை நடத்தியவரைக் குறித்தது. பெயர் மனிதரைவிடப் பண்ணையையே ஒட்டி நின்றதால், அந்த வீட்டுப் பெண்ணை மணந்து குடிபுகுந்த ஆண் தன் தந்தையின் பெயரை விட்டு ஷுல்டே ஆனார். பரம்பரையைத் தேடுவோர் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கற்றோர் சிலர் பெயரை லத்தீனாக்கிக்கொண்டார்கள். இசையமைப்பாளர் மிக்கேல் பிரட்டோரியுஸின் குடும்பப் பெயரும் முதலில் ஷுல்ட்ஸே வகையைச் சேர்ந்ததே. 1945க்குப் பின் சிலேசியாவிலிருந்து ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டபோது ஷோல்ட்ஸ் என்ற வடிவம் ஜெர்மனி முழுவதும் சிதறியது.

போலந்து இந்தச் சொல்லைச் சோவ்டிஸ் என்று எடுத்துக்கொண்டது. அங்கே ஊர்த்தலைவர்கள் செல்வாக்கு மிகுந்து நின்றதைப் பொறுக்காத பிரபுக்கள், 1423இல் வார்த்தா நகரில் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே, உதவாதவர், அடங்காதவர் என்று காரணம் காட்டி அவர்களுடைய நிலத்தை விலைகொடுத்து மீட்கும் உரிமையைப் பெற்றார்கள். பரம்பரைத் தலைவர்கள் அதனால் அருகினார்கள்; ஆனாலும் சொல் அழியவில்லை. இன்றும் போலந்துக் கிராம மக்கள் தாங்கள் தேர்ந்தெடுக்கும் தலைவரைச் சோவ்டிஸ் என்றே அழைக்கிறார்கள்.

நம் பெஞ்சமின் ஷுல்ட்ஸே 1689இல் பிறந்தது ஓடர் ஆற்றுக்குக் கிழக்கே, பிராண்டன்பர்க் ஆட்சியிலிருந்த சொன்னென்பர்க் என்ற சிற்றூரில். குடியேற்றக்காரர்கள் காடு திருத்திய அதே நிலப்பகுதி அது. இப்போது அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. அதன் பெயர் ஸ்வோன்ஸ்க்.