ரூபாய்க்குப் பத்துக் காசு

நேயர்களுக்கு வணக்கம். வீட்டு வரி ரசீதை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோமே தவிர, அதை முழுவதும் படித்துப் பார்ப்பதில்லை. வங்கிக் கடனுக்கு யாராவது கேட்டால் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அந்த வரியோடு நூலக வரி என்று ஒன்றும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய பொது நூலகச் சட்டத்தின்படி வந்த வரி அது. தொடக்கத்தில் குறைவாக இருந்து, பின்னர் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு என்று உயர்ந்தது. வாடகை வீட்டில் இருப்போர் தங்களுக்கு இதில் பங்கில்லை என்று எண்ண வேண்டாம். வாடகையை நிர்ணயிக்கும் வீட்டுக்காரர் வரியை ஒருபோதும் மறப்பதில்லை. ஆக, நூலகம் நமக்கு யாரோ தரும் இனாம் அன்று. நாம் முன்கூட்டியே பணம் கட்டிவிட்ட பொருள் அது. ஒவ்வொரு நகரமும் தனக்கென ஒரு மைய நூலகத்தைக் கட்டிப் பேண வேண்டும் என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

நான் மதுரையில் பள்ளி வரலாற்றாசிரியராக இருந்தவன். எண்பதுகளில் ஒருநாள், வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, எங்க வீடு மாரட் வீதியில இருக்கு. மாரட்னா யாரு?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு, அன்று மாலையிலிருந்து தேடத் தொடங்கினேன். தெரிந்த இடங்களிலெல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில் அலமாரி இருந்தது, சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பாண்டியன் விரைவு வண்டியில் ஏறி, விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி, பாந்தியன் சாலையிலுள்ள கன்னிமாரா நூலகத்தின் வாசலில், கதவு திறப்பதற்கு வெகுநேரம் முன்பாகவே போய் நின்றேன். 1896-இல் திறக்கப்பட்ட நூலகம் அது. சீட்டு எழுதிக் கொடுத்ததும், பழைய மாவட்டக் கையேடுகளைக் கொண்டுவந்த ஊழியர் தம் தோள் துண்டால் மேலட்டையைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, "தாள் நொறுங்குது சார், மெதுவாப் புரட்டுங்க" என்றார். அன்று முழுவதும் கையால் எழுதி எடுத்தேன். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840-களில், மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த கதையைத் தேடிப் படித்தேன். அந்த வேலையில் நில அளவையாளராக இருந்தவர்தாம் மாரட் என்றும், பெருமாள் மேஸ்திரி வீதிக்குப் பெயர் தந்தவரும் அதே வேலையில் இருந்தவர் என்றும் அறிந்துகொண்டேன். திங்களன்று அந்த மாணவனுக்கு விடை சொன்னேன். அவன் "அவ்வளவுதானா சார்?" என்றான்!

அவன் கேட்டது இருக்கட்டும். மதுரையின் ஒரு தெருப் பெயருக்குப் பொருள் தேட, மதுரைக்காரன் ஒருவன் இரண்டு இரவுகள் ரயிலில் கழிக்க நேர்ந்ததே, அதைத்தான் நான் சொல்ல வருகிறேன். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. ரயில் பயணத்தை அவர் அந்தக் கணக்கில் சேர்த்தாரோ இல்லையோ, நான் சேர்க்கிறேன்.

தெருவுக்குத் தெரு கிளை நூலகம் போதாதா, நடுவில் எதற்கு இவ்வளவு பெரிய கட்டடம் என்று கேட்பவர்கள் உண்டு. அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த வண்டிக்கும் புத்தகங்களை ஏற்ற ஓர் இடம் வேண்டியிருந்தது. கிளை நூலகம் வாய்க்கால் என்றால் மைய நூலகம் கண்மாய்; கண்மாயில் நீர் இல்லாமல் வாய்க்காலைத் தூர்வாரிப் பயனில்லை. நாளிதழும் வார இதழும் நாவலும் கிளைக்குப் போதும். கலைக்களஞ்சியங்கள், சட்டத் தீர்ப்புத் தொகுதிகள், அரசிதழ்கள், ஐம்பது ஆண்டு நாளிதழ்களின் கட்டுகள் ஆகியவற்றைக் கிளைதோறும் வாங்கி வைக்க எந்த மாநகராட்சியாலும் இயலாது. ஊர் நடுவே ஒரு தொகுதி இருந்தால் ஊர் முழுவதும் வந்து பார்க்கலாம். கைபேசியில் எல்லாம் கிடைக்கிறது என்போர், தம் தாத்தா பெயர் வந்த உள்ளூர்ச் செய்தி ஒன்றை அதில் தேடிப் பார்க்கட்டும்.

அதைவிட, உட்கார ஓர் இடம். ஒரே அறையில் ஐவர் உறங்கும் வீட்டிலிருந்து அரசுத் தேர்வுக்குப் படிக்க வரும் பெண்ணுக்கு நாற்காலியும் விளக்கும் அமைதியும் கழிப்பறையும்தான் முதல் தேவை. சென்னையில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அங்கே இடம் பிடிக்கக் காலையிலேயே வருகிறார்கள்.

எங்கள் மதுரைக்கு 2023 ஜூலையில், இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட பரப்பில், கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. கோயம்புத்தூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் 2024-இல் பெரிய நூலகங்கள் அறிவிக்கப்பட்டன. இவை மாநில அரசு கட்டுபவை, மகிழ்ச்சிதான். ஆனால் கட்டுவது ஒருமுறைச் செலவு, நடத்துவது ஆண்டுதோறும் வரும் செலவு. புதிய நூல்களும் நூலகர் சம்பளமும் நகரத்தின் வரவுசெலவுத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும் என்பதைப் பற்றி விரிவாகப் பேசக் குறிப்பெடுத்து வந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் வானொலி நிலையத்தார் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம் இருக்காது, கால் நிமிடம்தான் இருக்கும். ஒன்றை மட்டும் சொல்லி விடுகிறேன்: உங்கள் ஊர் மைய நூலகம் வேலை முடிந்து வருவோருக்காக இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கிறதா என்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். ரசீதைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். வணக்கம்.