சேற்றைப் பார்க்கப் படகில் போங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வேலூரில் உட்கார்ந்துகொண்டு பிச்சாவரத்து உப்பனாற்றைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாலாற்றில் தண்ணீர் ஓடினால் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர் நம்முடையது. படகு என்றால் நமக்கு ஏலகிரி புங்கனூர் ஏரிதான். காலால் மிதித்து ஒரு சுற்று வந்து, முழங்கால் வலியோடு இறங்கி, சூடாக மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டால் படகுப் பயணம் முடிந்தது. அதனால் கடலோரச் சேற்றில், உப்புத் தண்ணீரில் வளர்கிற அலையாத்திக் காட்டைப் பற்றிக் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்வதைவிட நமக்குச் சொல்வதுதான் அவசியம் என்று நினைக்கிறேன்.

நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன். அந்த நாளில் மாணவர்களை அழைத்துப் போவேன். ஓய்வு பெற்ற பிறகு, மாட்டிக்கொள்கிற சொந்தக்காரர்களை அழைத்துப் போகிறேன். போய் வந்த யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: இரண்டு பக்கமும் மரங்கள் வளைந்து தலைக்கு மேல் கூடி நின்றன, ஜில்லென்று இருந்தது, போட்டோ எடுத்தோம். சேற்றைப் பார்த்தீர்களா என்று கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். ஐயா, அங்கே பார்க்க வேண்டியதே அந்தச் சேறுதான். இன்றைக்கு என் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இடம். சிதம்பரத்திலிருந்து கிழக்கே கிள்ளை வழியாகப் போனால் சுமார் 15 கிலோமீட்டர். வடக்கே வெள்ளாறு கடலில் சேர்கிறது, தெற்கே கொள்ளிடம் சேர்கிறது. இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவே ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் இந்தக் காடும் தண்ணீரும். ஐம்பது திட்டுகளுக்கு மேல் இருக்கின்றன, அவற்றுக்கு இடையே வாய்க்கால்கள். 2022-இல் இதை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டையில் இதைவிடப் பெரிய காடும் காயலும் உண்டு. அதைப் பேச ஆரம்பித்தால் இன்று முடியாது.

படகுக்கு வருகிறேன். படகுத்துறையில் டிக்கெட் வாங்கும்போதே கேட்பார்கள், மோட்டார் படகா, துடுப்புப் படகா என்று. மோட்டார் படகில் ஏறாதீர்கள். பெரிய வாய்க்காலில் சத்தமாக ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும். குறுகலான வாய்க்காலுக்குள் அது நுழையாது. துடுப்புப் படகுதான் உள்ளே போகும். ஆழம் அதிகம் இல்லாததால் பல இடங்களில் கழியை ஊன்றினால் தரை தட்டும். பேச்சை நிறுத்தினால், சேற்றில் காற்றுக் குமிழி வெடிக்கிற சத்தம்கூடக் காதில் விழும்.

அடுத்தது நேரம். கடல் நீர் நாளுக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை இறங்கும். ஏத்தம், வத்தம் என்பார்கள். அது நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே போன வாரம் போய் வந்தவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. ஏற்ற இறக்கம் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, முழங்கால் அளவு, மிஞ்சினால் இடுப்பளவு. ஆனால் அந்த முழங்கால் அளவுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. நன்றாக ஏறியிருக்கும்போது போனால் இலையும் தண்ணீரும்தான் தெரியும். முழுக்க வற்றிவிட்டால் படகு தரை தட்டும். பாதி இறங்கியிருக்கிற நேரம் எது என்று படகுக்காரரிடமே கேளுங்கள்.

வழிகாட்டி என்று தனியாக யாரும் வரமாட்டார். துடுப்புப் போடுகிறவரே வழிகாட்டி. எடுத்த எடுப்பில், இங்கேதான் எம்.ஜி.ஆர். படத்துக்கு ஷூட்டிங் நடந்தது என்று ஆரம்பிப்பார். அவர் மேல் தப்பு இல்லை, வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தானே கேட்கிறார்கள்! ஒரு வார்த்தை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அண்ணே, இந்த வேர் ஏன் மேலே வந்து நிற்கிறது என்று கேளுங்கள். துடுப்பைப் படகுக்குள் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்.

சரி, வேர் ஏன் மேலே வந்து நிற்கிறது? அந்தச் சேறு மாவு மாதிரி நைசானது. எப்போதும் தண்ணீர் கோத்துக்கொண்டிருக்கும், உள்ளே காற்றே இருக்காது. காற்று இல்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். படகில் வருகிறவர்கள் உடனே கைக்குட்டையை எடுப்பார்கள், ஏதோ சாக்கடை கலக்கிறது என்று. சாக்கடை இல்லை, அந்தச் சேற்றின் இயல்பே அதுதான். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து போகிற நாம் இந்த நாற்றத்துக்கெல்லாம் மூக்கைப் பொத்தலாமா!

அப்படிப்பட்ட மண்ணில் வேர் எப்படி மூச்சு விடும்? வெண்கண்டல் மரம் தன்னைச் சுற்றி விரல் தடிமனில் வேர்களை மண்ணுக்கு மேலே நூற்றுக்கணக்கில் நீட்டி வைத்திருக்கும். சுரபுன்னை வேறு மாதிரி. தண்டிலிருந்தே வளைந்து வளைந்து இறங்கும் முட்டுவேர்களின் மேல்தான் மரமே நிற்கும். அந்த வேரைக் கிட்டத்தில் பாருங்கள். பட்டையின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அவைதான் காற்றுத் துளைகள். ஷோலாண்டர் என்ற விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும் ஒரு வேலை செய்து பார்த்து 1955-இல் எழுதினார்கள். அந்தத் துளைகளின் மேல் கிரீஸைப் பூசி அடைத்துவிட்டார்கள். அவ்வளவுதான், சேற்றுக்குள் இருந்த வேரில் ஆக்சிஜன் மளமளவென்று குறைந்துபோனது. ஏத்தத்தில் தண்ணீர் மூடும்போது வேருக்குள் இருக்கிற காற்று செலவாகி அழுத்தம் குறையும். வத்தத்தில் துளை வெளியே வந்ததும் புதுக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரவும் பகலும் இதே வேலை.

இப்போது உப்பு. நம் ஊரில் உப்புத் தண்ணீரைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். வாணியம்பாடியில், பேர்ணாம்பட்டில், ராணிப்பேட்டையில் எத்தனை போர்வெல் உப்பாகிப்போனது என்று நமக்குத் தெரியும். தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னதும் தெரியும். வாட்டர் ஃபில்டர் விற்க வருகிறவர், தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரை டம்ளரில் விட்டுக் காட்டுவாரே, அதில் 500-க்குள் இருந்தால் நல்ல குடிநீர். 2,000 என்றால் வேறு வழியில்லாதவர்கள் குடிப்பது. கடல் நீரில் அது 35,000 பக்கம் வரும்! பிச்சாவரத்தில் மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் கலந்து இது இறங்கும், கோடையில் மறுபடி ஏறும். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் அந்த மரங்கள் பச்சைப்பசேலென்று நிற்கின்றன.

எப்படி? சுரபுன்னை வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. நம் வீட்டு ஆர்ஓ மிஷினை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தண்ணீரை அழுத்தித் தள்ளும், மெல்லிய சவ்வு உப்பைத் தடுக்கும். இங்கே மோட்டார் கிடையாது. மேலே வெயிலில் இலையிலிருந்து தண்ணீர் ஆவியாகிறதே, அந்த இழுப்புதான் மோட்டார் வேலை செய்கிறது. உப்பில் 90 சதவீதத்துக்கு மேல் வேருக்கு வெளியிலேயே நின்றுவிடும். கரண்டு பில் இல்லை, வருடாந்திர சர்வீஸ் இல்லை, ஃபில்டர் மாற்ற வேண்டும் என்று போனும் வராது. வெண்கண்டல் இந்த அளவுக்குக் கறார் இல்லை. கொஞ்சம் உப்பை உள்ளே விட்டு, பிறகு இலையில் இருக்கிற சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிடும். வெயில் ஏறிய பிறகு அந்த இலையைப் பார்த்தால் பொடிப்பொடியாக உப்பு பூத்திருக்கும். படகுக்காரர் இலை காட்டினால் நாக்கு நுனியால் தொட்டுப் பாருங்கள், கரிக்கும். ஆனால் எந்த மரம் என்று தெரியாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். அதே காட்டில் தில்லை மரமும் இருக்கிறது. சிதம்பரம் கோயிலின் தல மரம் அதுதான். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உதிரப்போகிற இலைகள் சிவந்து அழகாகத்தான் இருக்கும், தொட வேண்டாம்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு மாமா ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மனைவி வழியில் மாமா. இளம் வயதிலிருந்து தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். இப்போது மாதிரி குரோமியம் போட்டு அவசரமாக முடிக்கிற காலத்துக்கு முன்னால், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுக் குழியில் வாரக்கணக்கில் ஊறவைத்துத் தோல் பதனிட்ட காலத்து ஆள். பிச்சாவரத்துக்கு வரவே மனமில்லாமல் வந்தார். படகில் ஏறியதிலிருந்து, தண்ணியையும் மரத்தையும் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று முனகிக்கொண்டே இருந்தார். சேறு, வேர், உப்பு என்று நான் சொன்ன எதிலும் அவருக்கு அக்கறை இல்லை.

ஒரு திருப்பத்தில் முறிந்த சுரபுன்னைக் கிளை ஒன்று மிதந்து வந்து படகில் தட்டியது. மாமா கையை விட்டு எடுத்தார். நகத்தால் பட்டையைக் கீறினார். உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது. மோந்து பார்த்தார். நான் வேண்டாம் மாமா என்பதற்குள் ஒரு துணுக்கைக் கடித்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார், தண்ணீரில் துப்பினார். "துவர்ப்பு பிடிக்குது மாப்ளே. இது ஆவாரம்பட்டைக்குக் குறைஞ்சது இல்ல. இதுல தோல் நல்லாவே ஊறும்" என்றார். நான் வகுப்பில் கரும்பலகையில் துவர்ப்பைத் தருகிற டானின் என்று எழுதிப் போட்டதை அவர் நாக்கிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டார். "ஐயா சரியாச் சொல்றாரு. நைலான் வலை வர்றதுக்கு முன்னாடி நூல் வலைதான். எங்க தாத்தா இந்தப் பட்டையக் காய்ச்சித்தான் வலைக்கு ஏத்துவாரு. உப்புத் தண்ணியில வலை அழுகாது" என்றார். அப்புறம் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள், எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு பட்டை, கொதிக்க வேண்டுமா, ஊறினால் போதுமா, கையில் ஏறுகிற கறை எத்தனை நாள் போகாது. "தம்பி, ஒரு கிளை உடைச்சுக் குடேன், ஊருக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று மாமா கேட்டபோது மட்டும் படகுக்காரர் கையை ஆட்டிவிட்டார். பச்சை மரத்தில் கை வைக்கக்கூடாது, வனத்துறை விடாது. மிதந்து வந்த துண்டை மட்டும் மாமா துண்டில் சுற்றி வைத்துக்கொண்டார். வேன் திருவண்ணாமலையைத் தாண்டும் வரை பட்டைப் பேச்சுதான். பட்டையில் இருக்கிற துவர்ப்பும் அந்தச் சேற்றில் பிழைக்க உதவுகிறது என்று நான் நடுவில் ஒரு வார்த்தை நுழைத்தேன். ஓயாத ஈரத்தில் பூஞ்சையும் துளைக்கிற பூச்சியும் அரிக்காமல் மரத்தைக் காப்பது அதுதானே. தோலை அழுகாமல் காப்பதும் அதே சரக்குதான்.

சேற்றில் இன்னும் இருக்கிறது. ஒரு கை மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக இருக்கிற நண்டு ஒன்று உண்டு. ஆண் நண்டு அந்தக் கையை ஆட்டி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும். தண்ணீரை விட்டு வெளியே வந்து சேற்றின் மேல் துள்ளித் துள்ளிப் போகிற மீன் உண்டு. சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, ஒரு சாண், சிலவற்றில் ஒரு முழம் வரைக்கும் நீண்டு தொங்கும். வத்தத்தில் விழுந்தால் சேற்றில் குத்தி நின்றுகொள்ளும். ஏத்தத்தில் விழுந்தால் மிதந்து போய் வேறெங்காவது வேர் பிடிக்கும்.

மனிதர்களும் உண்டு. நம் ஆற்காடு, கலவைப் பக்கம் இருளர்களை எலி, பாம்பு பிடிக்கிறவர்களாகத்தான் பலர் அறிவார்கள். அங்கே இருளர்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, பனையோலைப் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறும் கையால் அடிச் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். அந்தச் சேற்றைப் பற்றி என்னைவிட அவர்கள் விரல்களுக்கு அதிகம் தெரியும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். மாமாவுக்கே நேரம் போய்விட்டது. காடு மீண்ட கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து 1970-கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போனதும் மண் காய்ந்து தாழ்ந்து பள்ளமானது. ஏறிய தண்ணீர் வடியாமல் தேங்கி உப்பு ஏறியது, செடி முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்து மக்களோடு சேர்ந்து, ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் சாய்வான கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். தண்ணீர் வந்து போக ஆரம்பித்ததும் உப்பு குறைந்து, நட்ட கன்று பிழைத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலைப் பார்த்து இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவர் குடியிருப்பு சிதைந்துபோனது. கடலிலிருந்து தூரமும் மேடும் எவ்வளவு காத்தன, மரம் எவ்வளவு காத்தது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

பறவைகளுக்கு ஒரு முழுப் பக்கம் எழுதிவைத்திருந்தேன். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போனால் வலசைப் பறவைகளைப் பார்க்கலாம், அது போதும். ஆனால் மழை, புயல் எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகச் சிதம்பரத்துக்கு ரயிலிலேயே போகலாம். முதல் நாள் இரவு சிதம்பரத்தில் தங்கி, காலையில் படகுத்துறைக்குப் போய், தண்ணீர் பாதி இறங்கியிருக்கிற நேரம் பார்த்துப் படகைப் பிடியுங்கள். தொப்பி, குடிதண்ணீர் வேண்டும். உயிர்காப்பு உடுப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள், போட்டோவுக்காகக் கழற்றாதீர்கள். நன்றி, வணக்கம்.