உடைந்த பல்லும் உழைக்கும் நாயும்

நேயர்களுக்கு வணக்கம்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அது நமக்கு. நாய்க்குப் பேச்சு ஏது, பல் போனால் என்ன போய்விடப்போகிறது என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. காவலுக்கு நிற்கும் நாய், மோப்பம் பிடிக்கும் நாய், மந்தையை வளைத்துக் கொண்டுவரும் நாய், இவற்றுக்கெல்லாம் வாய்தான் கை. பிடிப்பதும் இழுப்பதும் தூக்கி வருவதும் வாயால்தான். கால்நடை மருத்துவனாக என் காலத்தில் பெரும்பகுதியை இந்த நாய்களின் உதட்டைத் தூக்கிப் பார்ப்பதிலேயே கழித்திருக்கிறேன். அதனால் கிடைத்திருக்கும் இந்தக் கால் மணி நேரத்தில் உடைந்த பல்லைத் தவிர வேறு எதையும் பேசுவதாக இல்லை.

முதலில் ஒரு கதை. எனக்குப் பெருமை தராத கதை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நான்கு வயதுக் காவல் நாய் ஒன்றைக் கூட்டி வந்தார்கள். பல் வலி என்று கூட்டி வரவில்லை. 'பிடியை விட்டுவிடுகிறான்' என்பதுதான் புகார். பயிற்சியின்போது ஒருவர் கையில் தடித்த உறை மாட்டிக்கொண்டு ஓடுவார், நாய் பாய்ந்து அதைக் கவ்வவேண்டும் இல்லையா, அதில் இந்த நாய் கெட்டிக்காரன். கவ்வினால் தொங்குவான். அப்படிப்பட்டவன் சில மாதங்களாகக் கவ்வியதும் விட்டுவிடுகிறான், மறுபடி முன்பல்லால் சும்மா பிடிக்கிறான், மறுபடி விடுகிறான். பயந்துவிட்டான் என்றார் ஒருவர். சோம்பேறியாகிவிட்டான் என்றார் இன்னொருவர். கண்டிப்பைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள், பலன் இல்லை.

நான் காலைப் பார்த்தேன், முதுகைப் பார்த்தேன், இடுப்பை மடக்கி நீட்டிப் பார்த்தேன். கடைசியில்தான் வாய். மேல் வலது கோரைப்பல்லின் நுனி இல்லை. இது எப்போது உடைந்தது என்று கேட்டேன். 'அதுவா? போன வருஷமே உடைஞ்சுடுச்சு டாக்டர். அதனால ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் சாப்பிடறான்.'

நானும் தலையாட்டினேன். சரி, நன்றாகச் சாப்பிடுகிறானே, அப்புறம் என்ன என்று எனக்கும் தோன்றியது. சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சில மாதம் கழித்து அதே நாய், முகத்தின் வலதுபக்கம், மூக்கை ஒட்டி வீங்கிப்போய் வந்தது. எக்ஸ்ரே எடுத்தோம். அந்தப் பல்லின் வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்து, வட்டமாக ஒரு கறுப்பு நிழல். அத்தனை நாளும் அவன் அந்தப் புண்ணின் மேல்தான் தன் முழு எடையையும் தொங்கவிட்டிருக்கிறான். பல்லுக்கு வேண்டியதைச் செய்தோம், ஓய்வு கொடுத்தோம். திரும்பப் பயிற்சிக்குப் போனபோது பழைய பிடி வந்துவிட்டது. அவனைக் கையாள்பவர் அன்று மருத்துவமனைத் திண்ணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, 'சொல்லியிருக்கலாமேடா' என்றார். அவன் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். பிடியை விட்டு விட்டுச் சொன்னான். கேட்டவர்களில் நானும் ஒருவன், எனக்கும் புரியவில்லை.

ஆகவே நேயர்களே, 'நல்லாத்தான் சாப்பிடுது' என்ற வாக்கியத்தை நான் நம்புவதில்லை. நாய் நம்மைப்போல மென்று சாப்பிடுவது குறைவு, பெரும்பாலும் விழுங்கும். ஒரு பக்கம் வலித்தால் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்ளும். பசி வலியைவிடப் பெரியது. வேலை செய்யும் நாய்க்கு வேலை ஆசை பசியைவிடவும் பெரியது. அது வலியைக் காட்டும் விதமே வேறு. பிடியை விடும். தூக்கி வந்த பொருளைக் கீழே போட்டு மறுபடி எடுக்கும். முகத்தைத் தொட்டால் தலையைத் திருப்பும். இதுவரை உறுமாத நாய் வாய்க்கூடு மாட்டும்போது உறுமும். ஒரு பக்கப் பற்களில் மட்டும் காறை அதிகமாகப் படிந்திருந்தால், அந்தப் பக்கத்தை அது பயன்படுத்துவதில்லை என்று சந்தேகப்படலாம்.

பல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதற்குப் படம் வேண்டாம், ஒரு பென்சிலை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே மரம், நடுவே கரி. அந்தக் கரி இருக்கும் இடத்தில் பல்லுக்கு இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. பற்கூழ் என்போம். பென்சிலின் மேல்பூச்சுதான் எனாமல். நாய்ப்பல்லில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, நம்முடையதைவிட மிக மெல்லியது. கோரைப்பல்லாகிய இந்தப் பென்சிலில் பாதிக்கு மேல் எலும்புக்குள் புதைந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே நுனி ஒடிந்து கரி வெளியே தெரிந்தால் கிருமிக்குக் கதவு திறந்தாயிற்று. அது நேரே கீழே இறங்கும். பற்கூழ் சாகும். அப்புறம் வேர் நுனி வழியாகக் கிருமி எலும்புக்குள் போகும். இது ஒரு நாளில் நடப்பதில்லை, மாதக்கணக்கில் நடக்கும். அதனால்தான் 'போன வருஷமே உடைஞ்சுது, ஒண்ணும் ஆகலையே' என்று சொல்லத் தோன்றுகிறது.

இங்கே இடையில் ஒன்று. ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். மாத்திரை இரத்தத்தில் கலந்துதான் போகவேண்டும். செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டமே இல்லை. அப்புறம் மருந்து எந்த வழியாகப் போகும்? வீக்கம் வடியும், மருந்து நின்றதும் திரும்ப வரும்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். அத்தனையையும் எண்ணச் சொல்லவில்லை, இரண்டு இடத்தைப் பார்த்தால் பாதிக் கவலை தீரும். ஒன்று நான்கு கோரைப்பற்கள். இன்னொன்று, மேல்தாடையில் கன்னத்தின் உட்புறம் இருக்கும் பெரிய பல். கீழ்ப்பல்லோடு சேர்ந்து கத்தரிக்கோல்போல வெட்டுவது அதுதான். கடினமான எலும்பு, மான்கொம்பு, குளம்பு, கல் இவற்றைக் கடித்தால் அதன் வெளிப்பக்கம் பலகை பெயர்வதுபோல் பெயர்ந்துவிடும். அந்தப் பல்லுக்கு மூன்று வேர்கள். அங்கே சீழ் பிடித்தால் கண்ணுக்குக் கீழே வீங்கும். பூச்சி கடித்துவிட்டது, கண்ணில் ஏதோ என்று நினைத்துக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பார்ப்பது எப்படி? வாயைப் பிளக்கவேண்டாம். உதட்டை மட்டும் தூக்குங்கள், இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். உடைந்த முகப்பின் நடுவே புள்ளி தெரிகிறதா? சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு என்றால் புதிய உடைவு, பற்கூழ் இன்னும் உயிரோடிருக்கிறது. கறுப்புப் பொத்தல் என்றால் பழையது. பழுப்பாக, வழவழப்பாக, மூடிக்கொண்டிருந்தால் மெல்ல மெல்லத் தேய்ந்த பல்லாக இருக்கலாம், பல் தன்னைத்தானே உள்ளிருந்து பூசிக்கொள்ளும் வேலை அது. ஆனாலும் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். உடையாமலே ஒரு பல் மட்டும் ஊதாவாகவோ சாம்பலாகவோ நிறம் மாறியிருந்தாலும் காட்டுங்கள். உள்ளே அடிபட்டுச் செத்த பல்லாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, இன்றைக்கு, இப்போது உடைந்துவிட்டது. என்ன செய்வது? வேலையை நிறுத்துங்கள். இரத்தம் பெரும்பாலும் தானாக நிற்கும். நோண்டாதீர்கள், எதையும் தடவாதீர்கள். மென்மையான உணவு கொடுங்கள். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் இரண்டும் நாய்க்கு ஆபத்து. இதை இன்னொரு முறை சொல்கிறேன், ஏனென்றால் அன்போடு செய்கிற தவறு இது. நம் வலி மாத்திரை நாய்க்கு வேண்டாம். அடுத்தது, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பல்லை உயிரோடு காப்பாற்றும் சிகிச்சை ஒன்று உண்டு. மேலே கெட்டுப்போன பற்கூழைக் கொஞ்சம் நீக்கி, மருந்து வைத்து மூடுவது. உடைந்து 48 மணி நேரத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன். ஒரு வயது நிரம்பாத நாயின் வேர் முழுதாக வளர்ந்து மூடியிருக்காது, அதற்குப் பற்கூழ் உயிரோடு இருந்தாகவேண்டும். அங்கே நாள் இன்னும் முக்கியம்.

அந்தக் கெடு தாண்டிவிட்டால் இரண்டு வழி. வேர் சிகிச்சை, அதாவது ரூட் கெனால். நமக்குச் செய்வதுபோலத்தான், உள்ளே சுத்தம் செய்து நிரப்பி அடைப்பார்கள். இல்லையென்றால் பிடுங்குவது. வேலை செய்யும் நாயின் கோரைப்பல்லைப் பிடுங்க நான் அவசரப்படமாட்டேன். கீழ்க்கோரையின் வேர் தாடையின் முன்பகுதியையே நிறைத்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்தால் தாடை வலுவிழக்கும். மேல்கோரையை எடுத்த இடம் சரியாக ஆறாவிட்டால் வாய்க்கும் மூக்குக்கும் இடையே துளை விழலாம். ஆனால் வேர் வரை பிளந்த பல்லைக் காப்பாற்றுகிறேன் என்று பிடிவாதம் பிடிப்பதும் தவறு. எதுவானாலும் மயக்கம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்துத்தான். சும்மா விட்டுப் பார்ப்போம் என்பது மட்டும் வழியே இல்லை.

இப்போது எனக்குப் பிடித்த சண்டைக்கு வருகிறேன். கூண்டுக் கம்பி. கோரைப்பல் உடைவதற்குப் பாய்ச்சலும் பிடியும்தான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. அந்த உறைக்காரர் பாய்ந்து வரும் நாயின் வேகத்தோடு சேர்ந்து உடலைத் திருப்பாமல் சுவர்போல நின்றால் பல்லுக்கும் கழுத்துக்கும் கேடுதான். ஆனால் நான் பார்த்த உடைந்த கோரைகள் பலவற்றின் பின்புறத்தில் ஓர் அரிவு இருந்தது, அரம் வைத்துத் தேய்த்தாற்போல. வேலை இல்லாத நேரத்தில், அலுப்பில், பக்கத்துக் கூண்டில் நாய் குரைக்கும் ஆத்திரத்தில், கம்பியைப் பல்லின் பின்பக்கத்தில் மாட்டி இழுத்து இழுத்துத் தேய்த்தது. பல் அங்கே மெலிந்து நிற்கிறது. பிறகு ஒரு நாள் பயிற்சியில் ஒடிகிறது, பழி பயிற்சியின்மேல் விழுகிறது. பல்லை உடைத்தது கூண்டு! கம்பிக்குப் பதில் வாய்க்கு அகப்படாத வழவழப்பான தடுப்பு வைக்கலாம். எதிரெதிர்க் கூண்டுகளுக்கு நடுவே மறைப்பு கட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாயைக் கூண்டிலேயே கிடக்கவிடாமல் வெளியே கூட்டிப்போகலாம். ஒரு பயிற்சிக்கூடத்தில் இதை மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் எனக்குத் தேநீர் கொடுத்தார்கள். கம்பி அப்படியே இருந்தது.

விளையாட்டுப் பொருளுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். தடம் விழாவிட்டால் அது பல்லுக்குக் கடினம். மண்ணில் புரண்ட டென்னிஸ் பந்து உப்புத்தாள் மாதிரி, அதையே நாள் முழுக்கக் கவ்வினால் பல் தேயும்.

பல்லின் மேல் மாட்டும் உலோக உறையைப் பற்றி விரிவாகப் பேசலாம் என்று குறித்து வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். வேர் சிகிச்சை முடிந்த கோரைக்கு உலோகத்தில் உறை போடலாம். அளவெடுக்க ஒரு மயக்கம், பொருத்த ஒரு மயக்கம் என்று பெரும்பாலும் இரண்டு முறை ஆகும். உறை போட்ட பல் பழைய உயரத்துக்கு வரவேண்டும் என்று கேட்காதீர்கள். குட்டையாக இருந்தால்தான் நெம்புகோல் விசை குறையும், நிலைக்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். கடிப் பயிற்சியை எப்போது தொடங்குவது என்று நாயின் ஆர்வத்தைக் கேட்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

குட்டியின் பால்பல் உடைந்தால் விழத்தானே போகிறது என்று விடவேண்டாம், அடியில் நிரந்தரப் பல்லின் முளை இருக்கிறது, கிருமி அதையும் கெடுக்கும், எடுத்துவிடுவதுதான்... சரி, சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.