கர்ப்பிணிக்கெண்டு விக்கிற மூலிகைத் தேத்தண்ணி: உள்ளுக்க என்ன இரிக்கு?

வணக்கம் எல்லாருக்கும். இண்டைக்குப் போடுறன் எண்டு சொன்ன குரக்கன் வீடியோ அடுத்த கிழமைதான் வரும். இந்தப் பெட்டியக் காட்டாம இரிக்க ஏலாது. கிட்டக் கொண்டு வாறன், பாருங்க. முன்னால வயித்தோட ஒரு பொம்பிளைட படம், பக்கத்துல ரெண்டு பச்சை இலை. "தாய்மாருக்கு உகந்த மூலிகைத் தேநீர்". மட்டக்களப்பு டவுன்ல ஒரு கடையில 950 ரூபா.

நான் எந்தப் பெட்டிட்டயும் பின்பக்கத்தத்தான் முதல்ல வாசிப்பன், உங்களுக்குத் தெரியும்தானே. உள்ளுக்க 20 பை. பை ஒண்டு 1.5 கிராம். பெருக்குங்க, 30 கிராம்! ஒரு கையில பொத்திப் பிடிக்கலாம். கிலோக் கணக்குக்குப் போட்டா 31,000 ரூபாயத் தாண்டுது. அந்தக் காசுக்குக் கொத்தமல்லி எவ்வளவு வாங்கலாம் எண்டு நீங்களே யோசிங்க. பையில நூல், நூலுல துண்டு, துண்டுல ஒரு பூப்படம். அதுக்குத்தான் காசு.

சரி, விலைய விடுவம். எனக்குக் கோபம் வாறது இந்தக் கடைசி வரியில. கொத்தமல்லி, இஞ்சி, அதிமதுரம், ஆடாதோடை, பிறகு "மற்றும் மூலிகைகள்". எந்த மூலிகை? எவ்வளவு? கர்ப்பிணி குடிக்கிற சாமானுல அப்பிடி எழுதலாமா? பேர் தெரியாத ஒண்டையும் இந்தக் காலத்துல குடிக்க வேணாம்.

தெரிஞ்ச பேருகள்ல ரெண்டைப் பாருங்க. ஆடாதோடையில வாசிசின் எண்டு ஒரு பொருள் இரிக்கு. அது கருப்பையைச் சுருங்கப் பண்ணும். சளிக்கு நல்ல மருந்துதான், ஆனா வயித்துல புள்ள இரிக்கக்குள்ள வேணாம். அதிமதுரம் இனிக்கும், அதால குடிக்கச் சுகமா இரிக்கும். அதுல இரிக்கிற கிளிசிரைசின் பிரஷரை ஏத்தும், ரத்தத்துல பொட்டாசியத்தக் குறைக்கும். ஏற்கனவே பிரஷர் இரிக்கிற ஆளுக்கு இது சின்ன விஷயமில்ல.

இதுக்கு மேலயும் ஒண்டு. கல்முனையில இருந்து வாழைச்சேனை வரைக்கும் எந்தப் பலசரக்குக் கடையிலயும் கொத்தமல்லியும் வெனிவெல்லும் ஒண்டாப் போட்ட பக்கெட் தொங்கும். தடிமன் காய்ச்சல் எண்டா நம்மட கை நேரா அதுக்குத்தான் போகும். வெனிவெல் எண்டா மரமஞ்சள், அந்த மஞ்சள் கட்டைத் துண்டுகள். அதுல பெர்பரின் இரிக்கு. புள்ளைட ரத்தத்துல பிலிருபின் எண்ட மஞ்சள் பொருள் புரதத்தோட ஒட்டிக்கொண்டு இரிக்கும். பெர்பரின் அந்தப் பிடிய விடுவிக்கும். விடுபட்ட பிலிருபின் மூளைக்குப் போனா ஆபத்து, பிறந்த புள்ளைட மஞ்சள் காமாலையும் கடுமையாகலாம். அதால வெனிவெல் போட்ட பக்கெட் வேணாம். கட்டையப் பொறுக்கி எறிஞ்சிட்டுப் பாவிக்கிறன் எண்டும் நினைக்காதீங்க, தூள் மல்லியில ஒட்டியிருக்கும். தனிக் கொத்தமல்லி நிறுத்து வாங்குங்க.

இப்ப செய்யிற முறை. கொத்தமல்லி 2 தேக்கரண்டி. கழுவி, வடிச்சு, சட்டியில லேசா வறுங்க, மணம் வந்த உடனே இறக்கணும். கருகினா கைக்கும். ஒண்டிரண்டாத் தட்டி, ஒன்றரைக் கோப்பை தண்ணியில போட்டு 5 நிமிஷம் கொதிக்க வைங்க. வடிச்சுக் குடிங்க. அவ்வளவுதான். வைத்தியர் தாற குடிநீரை எட்டொண்டா வத்த வைப்பாங்களே, எட்டுக் கோப்பை தண்ணி ஒரு கோப்பையா வாற வரைக்கும்? அது மருந்து. அந்தத் தடிப்பத்துல வீட்டுத் தேத்தண்ணி வேணாம். கலர் வெளிறலா இரிக்கட்டும்.

இஞ்சி, சத்திக்கும் குமட்டலுக்கும். கனக்க ஆராய்ச்சிகள்ல குடுத்தது ஒரு நாளைக்குக் காஞ்ச இஞ்சித்தூள் 1 கிராம் அளவு, அதையும் பிரிச்சுப் பிரிச்சு. பச்சை இஞ்சி எண்டா விரல் நுனி அளவு துண்டு காணும். மெல்லிசா வெட்டி, கொதிச்ச தண்ணி ஊத்தி, மூடி, 10 நிமிஷம். மூடாட்டி மணம் ஆவியோட போயிரும். ஒரே மூச்சில குடிக்காம மிடறு மிடறாக் குடிங்க. கூடினா நெஞ்செரிவு வரும்.

சீனி, சக்கரை? கிளினிக்கில சீனி கூட எண்டு சொல்லியிருந்தா ரெண்டும் ஒண்டுதான். பனங்கட்டிய ஓரமாக் கடிச்சாலும் சீனிதான்.

மொத்தக் கணக்கு: பிரித்தானியாவுல சொல்றது, மூலிகைத் தேநீர் ஒரு நாளைக்கு 4 கோப்பைக்கு மேல வேணாம். நான் ரெண்டோட நிப்பாட்டச் சொல்லுவன். கிரீன் டீ இந்தக் கணக்குல வராது. அது தேயிலைதான், கஃபீன் இரிக்கு. கஃபீனுக்கு அங்க வச்ச எல்லை நாளைக்கு 200 மில்லிகிராம், ஒரு பெரிய கோப்பைத் தேத்தண்ணியில 75 அளவு.

ஆ, இஞ்சியில ஒண்டு விட்டுட்டன். ரத்தம் உறையாம இரிக்க மாத்திரையோ ஊசியோ எடுக்கிற ஆக்கள், அஸ்பிரின் எடுக்கிற ஆக்களும், இஞ்சித் தண்ணியத் தினமும் குடிக்க முதல் டொக்டரிட்டக் கேளுங்க.

பிறகு, கால் வீங்கினா நெருஞ்சிமுள் தண்ணி, நீர்க்கடுப்புக்குச் சிறுபீளை எண்டு ஊருல சொல்லுவாங்க. ரெண்டுக்கும் என்ட பதில் ஒண்டு: கிளினிக்குக்குப் போங்க. 20 கிழமைக்குப் பிறகு முகமும் கையும் வீங்கி, தலையிடி, கண் மங்கல் எண்டா பிரஷர் பாக்க வேணும், அண்டைக்கே. நீர்க்கடுப்பு கிருமியாலயா இருந்தா அது சிறுநீரகத்துக்கு ஏறலாம், மருந்து வேணும். தண்ணி காய்ச்சிக்கொண்டு ரெண்டு நாளைக் கழிக்கிறதுதான் எனக்குப் பயம்.

காயச் சரக்கு, அந்த மசாலாச் சாமான் கலவை, பெத்த பிறகு குடிக்கிறது. முதலே குடிச்சு உடம்பப் பலப்படுத்துவம் எண்டு யாரும் அவசரப்பட வேணாம்கா. அந்தச் சரக்குகள் கறியில போடுற அளவுக்குக் குழப்பமில்ல, காச்சிக் குடிக்கிற அளவுக்கு வேற கதை.

முக்கியமானது விடுபட்டுட்டு, இரும்புச்சத்து மாத்திரை! கிளினிக்கில தாற அதை பிளேன் டீயோட விழுங்காதீங்க. தேயிலைச் சாயம் இரும்பைப் பிடிச்சுக்கொள்ளும், உடம்புக்குச் சரியாப் போகாது. முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்க. கல்சியம் மாத்திரையும் வேற நேரத்துக்கு. தேசிக்காய்த் தண்ணியோட எடுத்தா நல்லம்.

உங்கட வீட்டுல இரிக்கிற பக்கெட்டுட பின்பக்கத்தப் படம் எடுத்து கிளினிக் போற நாள் மிட்வைஃப் மிஸ்ஸிட்டக் காட்டுங்க. என்னட்டக் கேக்கிறதெண்டா கமெண்ட்ல பேர்களை எழுதுங்க, எத்தனையாம் மாசம், என்ன மாத்திரை எடுக்கிறீங்க எண்டதையும் சேத்து.