படலையோடு நின்றவர்கள்

வணக்கம். சாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் சிலருக்கு ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கக் கை போயிருக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு காலத்தில் நம் வீடுகளில் ரேடியோவைக் கூட்டி வைத்ததே மரண அறிவித்தலுக்குத்தானே. 'அன்னாரின் பூதவுடல் நல்லடக்கத்திற்காக' என்று கேட்டதும் என் அம்மா அகப்பையும் கையுமாகக் குசினியிலிருந்து வந்து நிற்பார். யார், எந்த ஊர், எத்தனை மணிக்கு. அவ்வளவும் பேசலாம். ஆனால் வீட்டில் உயிரோடு இருக்கிறவரின் சாவைப் பற்றி வாய் திறந்தால் 'அவச்சொல்'.

நான் எங்கள் ஊர் மரண உதவிச் சங்கத்தில் பத்தொன்பது வருடம் பொருளாளராக இருந்தவன். கதிரை, கூடாரம், தேத்தண்ணி, கிடங்கு வெட்ட ஆள், எல்லாம் எங்கள் பொறுப்பு. முன்மண்டபத்தில் உடல் கிடக்கும், கிணற்றடியில் பிள்ளைகள் குரலை அடக்கிச் சண்டை பிடிப்பார்கள். அடக்கமா, தகனமா? லண்டனில் இருக்கிற மூத்தவர் வரும்வரை வைப்பதா? மட்டக்களப்பில் சைவர்களும் பெரும்பாலும் அடக்கம்தான் செய்கிறோம், இருந்தாலும் இந்தக் கேள்வி வரும். கிடக்கிற மனிதரிடம் அதை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் அம்மம்மா, யாராவது கேட்கும்வரை காத்திருக்கவில்லை. எண்பது தாண்டிய பிறகு ஒருநாள், "மனே, என்னை ஒருக்கா சவக்காலைக்குக் கூட்டிட்டுப் போ. உங்கட அம்மப்பாவை எங்க வெச்சிருக்கு எண்டு நான் இன்னும் காணல்ல" என்றார்.

நம் பெண்கள் படலையோடு நின்று அழுதுவிட்டு வீட்டுக்குள் போகிறவர்கள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவரின் இடம் எதுவென்று அவருக்குத் தெரியாது. மாமி தடுத்தார், பக்கத்து வீட்டாரும் தடுத்தார்கள். நான் ஆட்டோ பிடித்தேன். (ஆட்டோக்காரத் தம்பி வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டான், உள்ளே வரமாட்டேன் என்றான். அது வேறு கதை.)

அம்மப்பாவின் மேட்டில் நாயுருவி முளைத்துக் கிடந்தது. குனிந்து நாலைந்தைப் பிடுங்கினார். அழவில்லை. சுற்றிப் பார்த்தார். "இதில வெயில் எறிக்கும். என்னை அந்த வேம்படியில வைங்க." மறுகா, திரும்பி வரும் வழியெல்லாம் கணக்குச் சொன்னார்: பெட்டகத்தில் சேலை இருக்கிறது, பறைமேளம் வேண்டும், ஸ்பீக்கர் வேண்டாம், எட்டாம் நாள் சடங்குக்குக் கடன்படக் கூடாது. அதன்பின் நாலு வருடம் நன்றாகத்தான் இருந்தார். போன அன்று எங்கள் கிணற்றடியில் சண்டை இல்லை. சங்கப் பொருளாளராக இதை நான் அடித்துச் சொல்வேன்: அத்தனை வருடத்தில் நான் பார்த்த அமைதியான செத்தவீடு அது.

நவம்பர் 2ஆம் திகதி கத்தோலிக்கரின் சவக்காலைக்குப் போய்ப் பாருங்கள். கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, பேரப்பிள்ளைக்கு 'இதுதான் பூட்டன்' என்று காட்டுவார்கள். பிள்ளைகள் கல்லறைகளுக்கு இடையில் ஓடித் திரியும். முஸ்லிம் நண்பர்கள் மையவாடிக்குப் போய் மீசான் கல்லுக்குப் பக்கத்தில் நின்று துஆ கேட்பார்கள். நாங்களோ அடுத்த பிரேதம் வரும்வரை அந்தப் பக்கம் தலைவைப்பதில்லை. பற்றை ஏன் வளராது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி மூன்று விரலைக் காட்டுகிறார். சரி, கெதியாகச் சொல்கிறேன். 2004 சுனாமியில் அம்பாறையில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். பெயர் கேட்க நேரமில்லாமல் ஒரே குழியில் வைத்தோம். டிசம்பர் 26இல் மட்டக்களப்பு நாவலடிக் கரைக்கு இன்று பெண்களும் வந்து விளக்கேற்றுகிறார்கள், எந்த மாமியும் தடுப்பதில்லை. கொரோனாவில் முஸ்லிம்களின் உடல்களையும் கட்டாயமாக எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்க அனுமதி கிடைத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள், முஸ்லிம்கள் மட்டுமல்ல. அதைத்தான் விரிவாகப் பேச எழுதி வந்தேன், தாள் கையிலேயே இருக்கிறது.

இப்போது ஒரு விரல். அம்மம்மாவின் சேலை என்ன நிறம் என்று சொல்லவில்லையே: கிளிப்பச்சை. மாமிக்கு இன்றுவரை அதில் கோபம். வணக்கம்.